மூணு தடவை அடிச்சும் சாகாத புழு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி (வாசகர், பெரம்பலூர் மாவட்டம்): ஐயா வணக்கம். எத்தனாலுக்கு வாங்குறாங்கன்னு மக்காச்சோளத்துக்கு விலை பரவாயில்லாம இருக்கு, அதனால நாலு ஏக்கர்லயும் மூணு வருஷமா மக்காச்சோளம் மட்டுந்தான். முன்னாடி பருத்தியும் மாத்தி போடுவேன், இப்ப இல்ல. முதல் வருஷம் படைப்புழுவுக்கு ஒரு தடவை அடிச்சேன், நின்னுடுச்சு. இப்ப மூணு ரவுண்டு அடிச்சும் குருத்துக்குள்ள புழு உசுரோட நெளியுது. கடைக்காரர் டோஸை கூட்டி அடிக்க சொல்றார். மருந்து டூப்ளிகேட்டா, இல்ல புழுவுக்கு மருந்து பழகிடுச்சா?

பதில்: வணக்கம் ஐயா. முதல்ல ஒண்ணு, டோஸை மட்டும் கூட்டாதீங்க. மத்ததெல்லாம் அப்புறம் பேசலாம்.

நீங்க அடிச்சப்ப புழு எவ்வளவு பெருசா இருந்துச்சுன்னு யோசிச்சு பாருங்க. நல்லா பெருசா வளர்ந்த புழு குருத்துக்குள்ள இறங்கி மரத்தூள் மாதிரி எச்சத்தை மேல அடைச்சுக்கும், அந்த நிலைமையில நல்ல மருந்தே அடிச்சாலும் அது மேல படாது. பல பேர் இதைத்தான் மருந்து வேலை செய்யலன்னு சொல்றாங்க. ஆனா இலையில சின்ன சின்ன ஜன்னல் மாதிரி சுரண்டல் தெரியுறப்பவே, சாயங்கால நேரத்துல, குருத்துக்குள்ள இறங்குற மாதிரி அடிச்சும் சாகலன்னா அப்ப சந்தேகப்படலாம். பில்லையும் பாட்டிலையும் எடுத்துகிட்டு வேளாண்மை அலுவலர்கிட்ட போங்க, போலி மருந்தான்னு டெஸ்ட் பண்ண வழி இருக்கு.

ரெண்டும் இல்லன்னா எதிர்ப்புத்திறன் தான். பழகிடுச்சுன்னு நாம சொல்றோம், ஆனா ஒரு புழு கொஞ்சம் கொஞ்சமா மருந்து குடிச்சு பழகுறது இல்ல ஐயா. ஆயிரம் புழுவுல ஒண்ணு ரெண்டு பிறக்கறப்பவே அந்த மருந்தை தாங்குற மாதிரி இருக்கும். நாம அடிக்கறப்ப மத்ததெல்லாம் செத்துடுது, அது மட்டும் மிஞ்சுது, மிஞ்சுனது மிஞ்சுனதோட சேருது, ஒரு தாய் அந்துப்பூச்சி ஆயிரம் முட்டைக்கு மேல வைக்கும், நம்ம வெயிலுக்கு சுமார் ஒரு மாசத்துல அடுத்த தலைமுறை ரெடி. டோஸை கூட்டுனா இந்த வடிகட்டுற வேலை இன்னும் வேகமா நடக்கும். கூடவே புழுவை தின்ன வந்த நல்ல பூச்சியும் செத்துடும். இது இன்னைக்கு நேத்து கதையும் இல்ல, 1914லயே அமெரிக்காவுல மெலாண்டர்ங்கற பூச்சியியல் அறிஞர், வாஷிங்டன் மாநிலத்து பழத்தோட்டங்கள்ல கந்தக சுண்ணாம்பு கரைசலுக்கு சாகாத செதில்பூச்சியை பார்த்துட்டு, பூச்சி மருந்தை எதிர்த்து நிக்குமான்னு கேட்டு கட்டுரையே எழுதிட்டார்.

நீங்க எழுதுனதுல என்னை ரொம்ப யோசிக்க வச்சது “மூணு வருஷமா மக்காச்சோளம் மட்டுந்தான்”ங்கறது. ஏன்னா இதே மாதிரி அமெரிக்காவுல பெருசா நடந்திருக்கு. அங்க 2005லயும் 2007லயும் பெட்ரோல் டீசல்ல எத்தனால் மாதிரி தாவர எரிபொருளை கலக்கணும்னு சட்டம் வந்துச்சு, 2022க்குள்ள வருஷத்துக்கு 3600 கோடி கேலன்னு இலக்கு, அதுல 1500 கோடி வரைக்கும் மக்காச்சோளத்துல இருந்து வரலாம். விலை ஏறுச்சு. 2006ல 7.8 கோடி ஏக்கர் விதைச்சவங்க 2007ல 9.3 கோடிக்கு மேல விதைச்சாங்க, ஒரு வருஷம் மக்காச்சோளம் ஒரு வருஷம் சோயான்னு மாத்திகிட்டு இருந்த பல பேர் மக்காச்சோளத்து மேலயே மக்காச்சோளம் போட ஆரம்பிச்சாங்க.

அங்க மக்காச்சோளத்துக்கு எமன் வேர்ப்புழு. அந்த புழு வளர்ந்து வண்டாகும், வண்டு கோடை கடைசியில மக்காச்சோள வயல் மண்ணுல முட்டை வைக்கும், அடுத்த வருஷம் பொரிச்சு வர்ற புழுவுக்கு மக்காச்சோள வேர் வேணும், இல்லன்னா பட்டினியில செத்துடும். அதனால சோயா போட்டாலே பாதி பிரச்சனை போச்சு, பைசா செலவில்லாத மருந்து அது. அதை விட்டுட்டு வேர்ப்புழுவை கொல்ற புரதத்தை செடியே தயாரிக்கிற பிடி (Bt) மக்காச்சோளத்தை நம்புனாங்க, 2003ல வந்த விதை அது. 2009ல அயோவா மாநிலத்துல சில வயல்ல அந்த பிடி செடியே வேர் போய் சாஞ்சு கிடந்துச்சு. காஸ்மன்ங்கற விஞ்ஞானியோட குழு அங்க இருந்து வண்டு புடிச்சு சோதிச்சு 2011ல வெளியிட்டாங்க, எதிர்ப்புத்திறன் வந்தாச்சு. அந்த வயல்ல எல்லாம் என்ன பொதுவா இருந்துச்சுன்னா, குறைஞ்சது மூணு வருஷம் தொடர்ந்து அதே பிடி மக்காச்சோளம். உங்க லெட்டர்ல மூணு வருஷம்னு படிச்சதும் எனக்கு அதுதான் ஞாபகம் வந்துச்சு.

ஒரு வித்தியாசத்தை மறைக்காம சொல்லணும். நம்ம படைப்புழு வேர்ப்புழு மாதிரி ஒரே வயலை நம்பி இருக்கறது இல்ல, அந்துப்பூச்சி ஒரே ராத்திரியில நூறு கிலோமீட்டர் கூட பறக்கும். 2018 மே மாசம் கர்நாடகாவுல சிவமொக்கா பக்கம் கண்டுபிடிச்சாங்க, அந்த வருஷமே நம்ம ஊருக்கும் வந்துடுச்சு. அதனால நீங்க ஒருத்தர் மட்டும் பயிரை மாத்துனா முழு பலன் கிடைக்காது. ஊர்ல ஆளாளுக்கு ஒரு தேதியில விதைச்சா புழுவுக்கு வருஷம் பூரா இளங்குருத்து கிடைச்சுகிட்டே இருக்கும், பத்து பதினஞ்சு நாளுக்குள்ள எல்லாரும் விதைச்சுட்டா அது நடக்காது. உங்க நாலு ஏக்கர்ல ரெண்டை அடுத்த பட்டத்துக்கு உளுந்தோ பருத்தியோ போடுங்க. மீதி ரெண்டுல கடைசி உழவுல ஏக்கருக்கு 100 கிலோ வேப்பம்புண்ணாக்கு, வரப்பு ஓரமா தட்டைப்பயறு, எள்ளு, சூரியகாந்தி. முதல் ஒரு மாசம் வாரம் ரெண்டு தடவை வயலுக்குள்ள இறங்கி முட்டைக் குவியல் தெரிஞ்சா கையாலயே நசுக்குங்க. ஒரு குவியல்ல நூறு இருநூறு முட்டை இருக்கும், ஒரு தடவை நசுக்குனா அத்தனையும் போச்சு.

கேள்வி (வேளாண் கல்லூரி மாணவி, கோவை): சார், தானியத்தை எரிபொருளாக்கறதுக்கு பதிலா மிஸ்காந்தஸ் மாதிரி பல வருஷ புல்லை எரிசக்தி பயிரா போட்டா பூச்சி பிரச்சனையும் வராது, மருந்தும் தேவைப்படாதுல்ல?

பதில்: நல்ல கேள்விம்மா. பாதி சரி. 2008ல வந்த ஒரு ஆய்வுல அயோவா, மிச்சிகன், மின்னசோட்டா, விஸ்கான்சின் நாலு மாநிலத்தையும் பார்த்தாங்க, எத்தனாலுக்காக மக்காச்சோளம் கூடுனதால சோயா அசுவினியை தின்னுற பொறிவண்டு மாதிரி இயற்கை எதிரிகளோட வேலை 24 சதவீதம் குறைஞ்சுதாம், சோயா விவசாயிகளுக்கு வருஷத்துக்கு 5.8 கோடி டாலர் நஷ்டம்னு கணக்கு. எல்லா பக்கமும் ஒரே பயிரா ஆனா நல்ல பூச்சிக்கு தங்க இடம் இல்ல. பல வருஷம் நிக்கிற புல்லு அந்த இடத்தை கொடுக்கும், அது நிஜம்.

ஆனா 2009ல இல்லினாய்ல வேர்ப்புழுவை மிஸ்காந்தஸ்ல விட்டு பார்த்தாங்க. வண்டு அதுக்கு அடியிலயும் முட்டை வச்சுது, புழுவும் அந்த வேர்ல வளர்ந்து வண்டா வெளிய வந்துச்சு. அப்ப அந்த புல்லு வயல் புகலிடமா, இல்ல பூச்சி கிடங்கான்னு ஒரு கேள்வி வருது. புகலிடம்னா உனக்கு தெரிஞ்சிருக்கும், பிடி பருத்தி பாக்கெட்ல 450 கிராம் விதையோட 120 கிராம் பிடி இல்லாத விதையும் தனியா வந்துச்சுல்ல, அதுல வளர்ற சாதா புழு, தாங்குற புழுவோட சேர்ந்து பிறக்கற குட்டி மருந்துக்கு சாகட்டும்னு வச்சது. நம்மாளுங்க பெரும்பாலும் அதை தூக்கி போட்டுட்டாங்க, யாரும் ஏன்னு சரியா விளக்கி சொல்லவும் இல்ல. குஜராத்ல இளஞ்சிவப்பு காய்ப்புழு முதல் பிடி புரதத்தை தாங்குதுன்னு 2010ல அறிவிப்பு வந்துச்சு. மிஸ்காந்தஸ் மருந்து படாத சாதா வண்டை அனுப்பி வச்சா எதிர்ப்புத்திறன் மெதுவாகும், அதே வண்டு கூட்டமா பக்கத்து மக்காச்சோளத்துல இறங்குனா விவசாயி மறுபடி மருந்து டப்பாவை தூக்குவார். ஒரே செடிதான், ரெண்டு விதமாவும் போகலாம். நீ பிராஜெக்ட் பண்றதா இருந்தா நம்ம ஊர் நேப்பியர் புல்லுல படைப்புழு எவ்வளவு வளருதுன்னு எடுத்து பாரு, தீவனத்துக்கு எல்லா பக்கமும் போட்டிருக்காங்க.

கேள்வி (வாசகர், ஈரோடு): காட்டாமணக்கை ஆடுகூட கடிக்காது, பூச்சியே வராதுன்னு சொல்லித்தானே பயோடீசலுக்கு போட சொன்னாங்க?

பதில்: ஆடு கடிக்காதது உண்மை. வேலியில நாலு செடி நிக்கறப்ப பூச்சி தெரியாது, ஏக்கர் கணக்குல போட்டதும் காயைத் துளைக்கிற புழு, சாறு உறிஞ்சுற நாவாய்ப்பூச்சி எல்லாம் வந்துடுச்சு. 2008ல கோவை பக்கம் வந்த பப்பாளி மாவுப்பூச்சியும் பப்பாளி, மல்பெரி, மரவள்ளியோட நிக்காம காட்டாமணக்கையும் புடிச்சுது. எத்தனை மருந்து அடிச்சாங்க அப்ப! மேல மெழுகு மாதிரி மாவு இருக்கறதால மருந்து சரியா படல. கடைசியில 2010ல போர்ட்டோ ரிக்கோல இருந்து அசெரோபேகஸ் பப்பாயேங்கற கண்ணுக்கு சரியா தெரியாத குட்டி குளவியை கொண்டுவந்து விட்டாங்க, அடங்கிடுச்சு. மருந்தை நிறுத்துன தோட்டத்துலதான் அந்த குளவியால பெருக முடிஞ்சுது.

கேள்வி (வாசகர், அரியலூர்): நான் ஒரே மருந்து அடிக்கறது இல்ல, ஒவ்வொரு தடவையும் கம்பெனி மாத்திடுறேன். அது போதுமா?

பதில்: போதாது தம்பி. கம்பெனி வேற, உள்ள இருக்கற மருந்து வேற. குளோராண்ட்ரானிலிப்ரோல், ஃப்ளுபென்டியமைடு, சயாண்ட்ரானிலிப்ரோல் மூணும் பேர் வேற வேறன்னாலும் புழுவோட தசையில ஒரே இடத்துலதான் வேலை செய்யும், உலக அளவுல 28ங்கற ஒரே குரூப்ல வச்சிருக்காங்க. இதுல ஒண்ணை தாங்குற புழு மத்ததையும் தாங்க வாய்ப்பு அதிகம். எமாமெக்டின் பென்சோயேட் 6, ஸ்பைனிடோரம் 5, இதெல்லாம் வேற குரூப். ஒரு தலைமுறைக்கு, அதாவது சுமார் ஒரு மாசத்துக்கு ஒரு குரூப், அடுத்த தலைமுறைக்கு கண்டிப்பா வேற குரூப். அடுத்த தடவை கடைக்கு போறப்ப காலி பாட்டிலை கையோட எடுத்துட்டு போங்க, லேபிள்ல சின்ன எழுத்துல இருக்கற பேரை காட்டி, இந்த குரூப் இல்லாத மருந்து குடுங்கன்னு கேளுங்க. கடைக்காரருக்கு தெரியலன்னா ஒரு போன் போட்டு வேளாண்மை அலுவலர்கிட்ட கேட்டுட்டு வாங்குங்க.