நான் எங்கே போனாலும் அவருக்குத் தெரிகிறது, போனில் என்ன இருக்கிறது?

கேள்வி: கணவரைப் பிரிந்து ஐந்து மாதமாகக் கோவையில் ஹாஸ்டலில் தங்கி வேலைக்குப் போகிறேன். ஆண்ட்ராய்டு போன், அவர் வாங்கிக் கொடுத்தது. ஜிமெயில் முதற்கொண்டு எல்லாம் அவரே செட் பண்ணிக் கொடுத்தார். போன ஞாயிறு ஸ்கூட்டரில் பொள்ளாச்சியில் இருக்கும் தோழி வீட்டுக்குப் போனேன், சாயங்காலமே "பொள்ளாச்சியில மழையா?" என்று மெசேஜ் வருகிறது. சண்டை வந்தால் "நினைச்சா இங்க இருந்தே உன் போனைத் துடைச்சிடுவேன்" என்கிறார். கடையில் கொடுத்து முழுசாக ரீசெட் பண்ணியும் அதே கதைதான். இது ஸ்பை ஆப்பா, இல்லை ஐஎம்இஐ நம்பரை வைத்துப் பார்க்கிறாரா? புதுப் போன் வாங்கினால் சரியாகிவிடுமா? (பெயர் வேண்டாம்)

பதில்: ரீசெட் பண்ணியும் மாறவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள் இல்லையா, முக்கால்வாசி விடை அந்த வரியிலேயே இருக்கிறது. வீட்டு மனிதர்கள் போட்டுவிடும் உளவு ஆப் பெரும்பாலும் ரீசெட்டோடு போய்விடும். ஆனால் ரீசெட் முடிந்ததும் கடைக்காரர் என்ன செய்திருப்பார்? உங்களிடம் ஜிமெயில் பாஸ்வேர்டு கேட்டு, அதே பழைய கணக்கைத் திரும்பப் போட்டுக் கொடுத்திருப்பார். அந்தப் பாஸ்வேர்டு உங்கள் கணவருக்கும் தெரியும். பூட்டைக் கழற்றி எண்ணெய் போட்டு, பழைய சாவியோடு திரும்ப மாட்டிய கதைதான். புதுப் போன் வாங்கினாலும் அதில் இதே ஜிமெயிலைப் போட்டால் அதுவும் அன்றைக்கே அவர் திரையில் வந்து நிற்கும், உங்களுக்குப் பதினைந்தாயிரம் ரூபாய் செலவு.

கூகுளில் ஃபைண்ட் ஹப் என்று ஒன்று இருக்கிறது. 2025 வரை ஃபைண்ட் மை டிவைஸ் என்ற பெயரில் இருந்ததும் இதுதான். தொலைந்த போனைத் தேடுவதற்காக வைத்த வசதி. எந்தக் கணினியிலிருந்தும் உங்கள் ஜிமெயிலுக்குள் போனால் வரைபடத்தில் போன் இருக்கும் இடம் தெரியும். அங்கிருந்தே போனை மணியடிக்க வைக்கலாம், பூட்டலாம், உள்ளே இருப்பதை மொத்தமாக அழிக்கவும் செய்யலாம். ஆகவே "துடைச்சிடுவேன்" என்பதை வெறும் வாய்ச்சவடால் என்று தள்ளிவிடாதீர்கள், பாஸ்வேர்டு அவர் கையில் இருக்கும்வரை அது நடக்கக்கூடிய காரியம். இன்றைக்கே போட்டோக்கள், சான்றிதழ் நகல்கள், அவர் அனுப்பிய மெசேஜ்களின் ஸ்கிரீன்ஷாட் எல்லாவற்றையும் ஒரு பென்டிரைவிலோ நம்பிக்கையான ஒருவரின் போனிலோ எடுத்து வைத்துவிடுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

ஐஎம்இஐ பயத்தை விட்டுவிடுங்கள். ஒவ்வொரு போனுக்கும் தனித்தனியாக உள்ள அந்த அடையாள நம்பர் பில்லிலும் பெட்டியிலும் அச்சாகியே இருக்கிறது, அதை வைத்துக்கொண்டு தனிமனிதர் யாரும் உங்களைத் தேட முடியாது. தொலைத்தொடர்பு நிறுவனமும் காவல்துறையும் பார்க்கலாம், அவ்வளவுதான். பல வருடமாகச் சுற்றிவரும் இன்னொன்று, *#21# அடித்து ஏதாவது காட்டினால் போன் ஒட்டுக் கேட்கப்படுகிறது என்பது. அது கால் ஃபார்வர்டு, அதாவது உங்களுக்கு வரும் அழைப்பு வேறு நம்பருக்குத் திருப்பிவிடப்படுவது, இருக்கிறதா என்று மட்டும் சொல்லும் குறியீடு. மோசடிக்காரர்கள் அந்தக் குறியீட்டு முறையைப் பயன்படுத்தியதால் 2024 ஏப்ரல் 15 முதல் அதை நிறுத்தி வைக்கும்படி தொலைத்தொடர்புத் துறை சொன்னது. கால் ஃபார்வர்டைப் பார்க்க வேண்டும் என்றால் போன் ஆப்பின் செட்டிங்ஸிலேயே பாருங்கள். "எடுக்காவிட்டால்", "பிஸியாக இருந்தால்" என்ற வரிகளில் ஏதோ ஒரு நம்பர் இருக்கலாம், பல நேரம் அது மிஸ்டு கால் சேவையின் நம்பராகவே இருக்கும். ஆனால் அங்கே அவர் நம்பர் இருந்தால் விஷயம் வேறு.

எதையும் மாற்றுவதற்கு முன் ஒன்று யோசியுங்கள். பாஸ்வேர்டை மாற்றினால் அந்தக் கணக்கின் மீட்பு மின்னஞ்சலுக்கு (பாஸ்வேர்டு மறந்தால் கணக்கைத் திரும்பப் பெறக் கொடுத்து வைக்கும் முகவரி) கூகுள் தகவல் அனுப்பும், அது யாருடைய முகவரி என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். அவருக்குக் கண்ணைக் கட்டியது போல ஆகும், அந்த நேரத்தில் ஆத்திரத்தில் ஹாஸ்டல் வாசலுக்கே வந்து நிற்கக்கூடிய ஆளா என்பது உங்களுக்குத்தான் தெரியும். அப்படிப்பட்டவர் என்றால் முதலில் வார்டனிடமும் வீட்டிலும் சொல்லுங்கள், 181 மகளிர் உதவி எண்ணிலும் பேசிவிட்டு அப்புறம் போனில் கை வையுங்கள். இந்தப் பேச்சுக்கும் தேடலுக்கும் தோழியின் போனையே பயன்படுத்துங்கள்.

சரி, இனி கை வைக்கும் வேலை. பழைய ஜிமெயிலைச் சுத்தம் செய்து வைத்துக்கொள்ளலாம் என்று பலர் சொல்வார்கள், நான் சொல்ல மாட்டேன். காரணம் ஒன்றுதான். மீட்பு நம்பரை நீங்கள் மாற்றினாலும், பழைய நம்பருக்குக் குறியீடு அனுப்பும் வாய்ப்பை ஏழு நாள் வரை கூகுள் திறந்து வைத்திருக்கும். கணக்கைத் திருடர்கள் பிடுங்கிக்கொண்டால் உரிமையாளர் திரும்ப வாங்குவதற்கான ஏற்பாடு அது, ஆனால் கணக்கைத் திறந்து கொடுத்தவரே எதிராளியாக இருக்கும்போது அந்த ஏற்பாடு அவருக்குத்தான் உதவும். அதனால் புதிய ஜிமெயில் ஒன்றைத் தொடங்குங்கள், அதற்கும் முன்னால் உங்கள் ஆதாரில் உங்கள் பெயரில் புதிய சிம் ஒன்றை வாங்குங்கள். இப்போது போனில் இருக்கும் சிம் அவர் பெயரில் இருந்தால், அவர் கடைக்குப் போய் டூப்ளிகேட் வாங்கிவிட முடியும், உங்கள் ஓடிபி எல்லாம் அங்கே போய் விழும். வங்கி, யுபிஐ, ஆதார், பிஎஃப் என்று ஒவ்வொன்றாகப் புது நம்பருக்கும் புது மெயிலுக்கும் மாற்ற ஒரு வாரம் ஆகும், அலுப்பான வேலைதான்.

அது முடிந்ததும் போனில் இருந்து பழைய கணக்கை நீக்குங்கள். இங்கே பலர் கோட்டை விடும் இடம் ஒன்று இருக்கிறது. சாம்சங், ஷாவ்மி போன்ற போன்களில் கூகுள் கணக்கோடு சேர்த்து நிறுவனத்தின் கணக்கும் தனியாக இருக்கும், தேடுவது, பூட்டுவது, அழிப்பது என்ற மூன்றையும் அதுவும் செய்யும். ஜிமெயிலை எடுத்துவிட்டு இதை அப்படியே விட்ட போன்கள் என் மேசைக்கு நிறைய வந்திருக்கின்றன. பிறகு பின் நம்பரை மாற்றுங்கள், கைரேகைப் பட்டியலைத் திறந்து அதில் இருக்கும் எல்லாவற்றையும் அழித்துவிட்டு உங்களுடையதை மட்டும் புதிதாகப் பதியுங்கள். கணவன் மனைவி ஒரே வீட்டில் இருந்தபோது புழங்கிய போனில் இரண்டு பேர் விரல் இருப்பது சகஜம்.

வாட்ஸ்அப்பைத் தனியாகப் பார்க்க வேண்டும். லிங்க்டு டிவைசஸ் என்ற இடத்தில் நீங்கள் அறியாத கணினியோ பிரவுசரோ இருந்தால் அங்கேயே லாக் அவுட் செய்யுங்கள், டூ ஸ்டெப் பின்னையும் போடுங்கள். அவர் கணினித் திரையில் வரும் கியூஆர் கோடை உங்கள் போனுக்குக் காட்ட அரை நிமிடம் போதும், அதன் பிறகு உங்கள் போன் அணைந்திருந்தாலும் அந்தக் கணினியில் உங்கள் மெசேஜ் ஓடும். கூகுள் மேப்ஸில் லொகேஷன் ஷேரிங், கூகுள் போட்டோஸில் பார்ட்னர் ஷேரிங் இரண்டையும் திறந்து பாருங்கள். பொள்ளாச்சியில் எடுத்த ஒரு செல்ஃபி தானாக அவர் போனுக்குப் போயிருந்தால் வேறு எந்த உளவும் தேவையில்லை.

ஸ்பை ஆப் இல்லவே இல்லை என்று சொல்லவில்லை. அதைப் போட ஆள் உங்கள் போனைக் கையில் வாங்கிச் சில நிமிடமாவது வைத்திருக்க வேண்டும், பொதுவாகப் பிளே புரொடெக்ட் என்ற, கெட்ட ஆப்களைப் பிடிக்கும் கூகுளின் பாதுகாப்பு வசதியை அணைக்கவும் வேண்டும். பிளே புரொடெக்ட் அணைந்திருக்கிறதா, செட்டிங்ஸில் ஆப்களுக்குக் கூடுதல் அதிகாரம் தரும் இடங்களான அக்ஸசிபிலிட்டியிலும் டிவைஸ் அட்மின் ஆப்ஸிலும் "சிஸ்டம் சர்வீஸ்" மாதிரி பொத்தாம்பொதுவான பெயரில் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். வேறு இடத்தில் இருந்தே போன் திரையைப் பார்க்க உதவும் எனி டெஸ்க் வகை ஆப் இருந்தாலும் நீங்களாகப் போட்டதா என்று யோசியுங்கள். 2019 பிப்ரவரியிலேயே ரிசர்வ் வங்கி பெயர் சொல்லி எச்சரித்த ஆப் அது, நல்ல வேலைக்கும் பயன்படும், ஆனால் உங்கள் போனில் அதற்கு வேலையில்லை. சந்தேகமாக எதாவது கண்ணில் பட்டால் உடனே அழிக்காமல் இன்னொரு போனால் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு பக்கமும் பாருங்கள். ஸ்கூட்டரில் போனதாகச் சொன்னீர்களே, சீட்டுக்கு அடியிலும் டூல் பெட்டியிலும் ஒருமுறை கை விட்டுத் துழாவுங்கள். இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும் நாணயம் அளவு டேக் இருந்தால் போன் பாவம், அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஆண்ட்ராய்டு செட்டிங்ஸில் "அன்நோன் டிராக்கர் அலர்ட்ஸ்" என்று தேடினால் பக்கத்தில் இருக்கும் டேக்கை நீங்களே ஸ்கேன் செய்து பார்க்கும் வசதி இருக்கிறது. (கார் வைத்திருக்கும் வாசகர்களுக்கு: ஃபாஸ்டேக் யார் நம்பரில் இருக்கிறது? டோல்கேட் தாண்டியதும் எஸ்எம்எஸ் அவருக்குத்தான் போகும். ஜாயின்ட் அக்கவுன்ட் ஏடிஎம் கார்டைத் தேய்த்தாலும் இதே கதை.)

சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. ஒரு பெண்ணின் இணையம், மின்னஞ்சல், மற்ற மின்னணுத் தொடர்புகளைக் கண்காணிப்பது பாரதிய நியாய சன்ஹிதா 78-ஆவது பிரிவில் பின்தொடர்தல் குற்றம், முதல் முறைக்கே மூன்று ஆண்டு வரை சிறை. 2024 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, மனைவியின் கால் விவரங்களைக் கணவர் ரகசியமாக எடுத்து வந்து வழக்கில் தாக்கல் செய்ததை ஏற்க மறுத்து, அந்தரங்க உரிமை கணவன் மனைவிக்கு இடையிலும் உண்டு என்றது. ஆனால் 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில், தம்பதி தங்களுக்குள் பேசியதை ஒருவர் ரகசியமாகப் பதிவு செய்திருந்தால் குடும்ப வழக்கில் அதைச் சாட்சியாக எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டது. ஆகவே அவரிடம் போனில் பேசும்போது கோர்ட்டில் ஒலிக்கப்போகிறது என்ற நினைப்போடு பேசுங்கள். புகார் கொடுப்பதாக இருந்தால் சைபர் கிரைம் இணையதளத்திலோ அனைத்து மகளிர் காவல் நிலையத்திலோ கொடுக்கலாம். அப்படி ஒரு எண்ணம் இருந்தால் இந்தப் போனை இன்னொரு முறை ரீசெட் செய்யாதீர்கள், எக்ஸ்சேஞ்சிலும் தள்ளிவிடாதீர்கள். சிம்மைக் கழற்றி, சுவிட்ச் ஆஃப் செய்து அம்மா வீட்டு பீரோவில் வையுங்கள். வழக்கு என்று வந்தால் முதலில் கேட்கப்போவது அந்தப் போனைத்தான்.