பாங்கோங் ஏரியின் நீர் ஏன் உப்புக் கரிக்கிறது? அதன் வரலாறு என்ன?

லடாக்கின் கிழக்கே, 4,200 மீட்டருக்கும் மேலான உயரத்தில், ஏறத்தாழ 134 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு நாடாவைப் போலக் கிடக்கும் இந்த ஏரியில் மூன்றில் ஒரு பங்கு மட்டுமே இந்தியாவின் பக்கம் உள்ளது. மீதி திபெத்துக்குள் நீள்கிறது.

பனி உருகி ஓடைகளாக வந்து சேரும் நீர் இன்று வெளியேற வழியில்லை. ஒரு காலத்தில் அது மேற்கே ஷயோக் ஆற்றில் கலந்து சிந்துவை அடைந்தது. பக்கவாட்டு ஓடைகள் கொணர்ந்து கொட்டிய வண்டல், பள்ளத்தாக்கின் குறுக்கே இயற்கை அணையாகி அந்த வாயிலை அடைத்தபின், நீர் ஆவியாவதால் மட்டுமே குறைகிறது. கரைந்து வந்த உப்போ அங்கேயே தங்கிவிடுகிறது. கரைக்கு மேலே மலைச்சரிவில் படிப்படியாகத் தெரியும் பழைய நீர்மட்டக் கோடுகளும், அங்கே கிடைக்கும் நன்னீர் நத்தை ஓடுகளும் இதற்குச் சான்று; என்னைக் கேட்டால், ஏரியின் நீல நிறத்தைவிடக் கூர்ந்து பார்க்க வேண்டியவை இவையே. உப்பு நீராக இருந்தும், குளிர்காலத்தில் ஏரி முழுவதும் உறைந்துவிடுகிறது.

வரலாறு என்றால் இந்திய-சீன எல்லைச் சிக்கலைத் தவிர்க்க முடியாது. 1962 அக்டோபரில், இரு நாடுகளுக்கும் இடையே நடந்த போரில், வடகரையின் சிரிஜாப் காவல் நிலையைச் சிறு படையுடன் காத்து நின்ற மேஜர் தன் சிங் தாபா வீரமரணம் அடைந்ததாகவே கருதப்பட்டார். பிறகுதான் அவர் சீனப் படையிடம் சிறைப்பட்டிருந்தது தெரியவந்தது. அவருக்குப் பரம்வீர் சக்ரா வழங்கப்பட்டது. அதே வடகரையில், 'விரல்கள்' எனப்படும் மலைமுகடுகளை ஒட்டி, 2020 மே மாதம் இரு படைகளும் மீண்டும் மோதின. 2021 பிப்ரவரியில் இரு கரைகளிலிருந்தும் பின்வாங்கின.