பஸ்ஸுக்கு வேறு இன்ஜின்: கேள்வி பதில்

கும்பகோணம்: அண்ணே, பழைய லேலண்ட் டூரிஸ்ட் பஸ்ல இன்ஜின் போயிடுச்சு. கம்மின்ஸ் ஏத்தினா மைலேஜ் கிடைக்கும்ங்கிறாங்க. ஏத்தலாமா?

வேண்டாம் தம்பி. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுப்படி, கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. எஃப்.சி.யில் (தகுதிச் சான்று சோதனையில்) மாட்டும், விபத்தானால் இன்சூரன்ஸில் தகராறு வரும். அதே மேக், அதே மாடல் இன்ஜின் என்றால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அனுமதி வாங்கிப் புது நம்பரை ஆர்.சி.யில் ஏற்றிவிடலாம். இன்ஜின் வாங்கிய பில் கையில் இருக்க வேண்டும். பில் இல்லாத இன்ஜின் எவ்வளவு மலிவாக வந்தாலும் தொடாதீர்கள்.

மயிலாடுதுறை, மெக்கானிக்: அதே மேக் இன்ஜின்தான், ஆனா வேற வண்டியிலேர்ந்து கழட்டினது. எதை அளக்கணும்?

முதலில் ஃப்ளைவீல் ஹவுசிங், அதாவது இன்ஜினின் பின்பக்கம் கியர்பாக்ஸ் பொருந்தும் உறை. அதன் எஸ்.ஏ.இ. அளவு எண் 1, 2, 3 மூன்றுக்குமே 12 போல்ட்தான். எண்ணிப் பார்த்து ஏமாறாதீர்கள். போல்ட் வட்டத்தின் விட்டத்தை அளங்கள். 1-க்கு 530, 2-க்கு 467, 3-க்கு 429 மில்லிமீட்டர் சுமாராக வரும். ஹவுசிங் முகத்தில் ஒட்டியிருக்கும் பெயின்ட், பிசிர் எல்லாவற்றையும் சுரண்டிவிட்டு டயல் கேஜ் வையுங்கள். உள்துளை ஓட்டம் (சுற்றும்போது முள் காட்டும் விலகல்) 0.20 மில்லிமீட்டரைத் தாண்டினால் கியர்பாக்ஸ் ஷாஃப்ட் கோணலாக உட்காரும். கிளட்ச் பிளேட்டின் ஹப் பல் தேயும், டாப் கியர் தானாகக் கழன்று விழும். கியர்பாக்ஸ்தான் கெட்டது என்று அதைப் பிரித்துக்கொண்டிருப்பார்கள். கியர்பாக்ஸ் ஷாஃப்ட்டின் முனையைத் தாங்கும் ஸ்பிகாட் பேரிங்கை யோசிக்காமல் புதிதாகப் போடுங்கள்.

அடுத்தது ஆர்.பி.எம். பழைய இன்ஜின் 2400 வரை ஓடியது, வந்தது 1800-லேயே நிற்கிறது என்று வையுங்கள். டயர் ஒரு சுற்றுக்கு 3.2 மீட்டர், ஆக்சில் ரேஷியோ 5.5, டாப் கியர் நேரடி என்றால் முன்பு மணிக்கு 84 கிலோமீட்டர் போன வண்டி இனி 63-ஐத் தாண்டாது. பழைய வேகம் வேண்டுமென்றால் ஆக்சிலுக்குள் இருக்கும் கிரவுன், பினியன் பல்சக்கரங்களை 4.1 ரேஷியோவுக்குப் பக்கமாக மாற்ற வேண்டும். அந்தச் செலவை முதலிலேயே ஓனரிடம் சொல்லிவிடுங்கள்.

தஞ்சாவூர்: அமெரிக்காவில் ப்ரிவோஸ்ட் சொகுசு பஸ்ஸில் டெட்ராய்ட் டீசல் இன்ஜின் போய் வால்வோ இன்ஜின் வந்தது ஏன்?

ப்ரிவோஸ்ட் 1995 முதல் வால்வோ சார்ந்த கம்பெனி. டெட்ராய்ட் டீசலோ 2000-ல் டைம்லர் கைக்குப் போனது. சொந்த இன்ஜினை வைத்துக்கொண்டு போட்டிக்காரனிடம் யார் வாங்குவார்கள்? இதற்கு முன்னால் டெட்ராய்டின் இரண்டு ஸ்ட்ரோக் 8வி92 இன்ஜினிலிருந்து அதன் சீரிஸ் 60 இன்ஜினுக்குப் போனதுதான் பஸ்ஸை வீடாக்குபவர்களுக்குப் பெரிய தலைவலி. வி-8 போன இடத்தில் நீளமும் உயரமுமாக ஆறு சிலிண்டர் வரிசை இன்ஜின். அதன் மேலிருக்கும் படுக்கையைத் தூக்க வேண்டும், ரேடியேட்டரும் புதிதாக வேண்டும்.

திருவாரூர்: பி.எஸ்.6 வண்டிக்கு வயல் யூரியாவைத் தண்ணியில கரைச்சு ஊத்தலாமா?

கூடவே கூடாது. உர யூரியாவில் வேப்பெண்ணெய் பூச்சும் பையூரெட் என்ற கலப்பும் இருக்கின்றன. டோசிங் இன்ஜெக்டர் உப்புக்கட்டி அடைக்கும், புகையின் நச்சைக் குறைக்கும் எஸ்.சி.ஆர். கேட்டலிஸ்ட் பாழாகும். வண்டிக்கு வேண்டியது 32.5 சதவீதச் சுத்த யூரியாக் கரைசல். மானிய உரத்தை இப்படித் திருப்புவது சட்டப்படியும் குற்றம்.

கும்பகோணம்: நவக்கிரக டூர் ஓட்டுறேன். டி.பி.எஃப். லைட் அடிக்கடி எரியுது.

எரியத்தான் செய்யும். டி.பி.எஃப். என்பது சைலன்சரில் புகைக்கரியைப் பிடிக்கும் ஃபில்டர். திங்களூரிலிருந்து திருநள்ளாறு வரை ஒவ்வொரு கோயில் வாசலிலும் ஏ.சி.க்காக ஐட்லிங்கில் நிற்கிறீர்கள். சைலன்சர் சூடேறாததால் புகைக்கரி எரியாமல் ஃபில்டரில் தங்குகிறது. டூர் முடிந்ததும் நல்ல ரோட்டில் அரை மணி நேரம் இறங்காத வேகத்தில் ஓட்டுங்கள். அதற்கும் அணையாவிட்டால் நிறுத்தி வைத்து ரீஜென் (கரியைச் சூட்டில் எரித்துத் தீர்ப்பது) செய்யுங்கள். ஃபில்டருக்குள் 550 டிகிரிக்கு மேல் ஏறும். அறுவடை நாளில் வைக்கோல் பரப்பிய ரோட்டிலோ களத்துமேட்டிலோ நிறுத்திச் செய்யாதீர்கள், வண்டியோடு எரியும்.

நாகப்பட்டினம்: இன்ஜின் மாத்தின பிறகு மீட்டர் எதுவும் வேலை செய்யல.

பேட்டரியை அணைத்துவிட்டு, கோளாறு பார்க்கும் கருவி செருகும் இடம் 9 பின் சாக்கெட் என்றால், டேட்டா ஒயர் வரும் சி, டி இரண்டு பின்னுக்கும் நடுவே மல்டிமீட்டர் வையுங்கள். 60 ஓம் வர வேண்டும். 120 வந்தால் ஒரு முனை ரெசிஸ்டர் விடுபட்டிருக்கும் அல்லது ஒயர் அறுந்திருக்கும். 40 வந்தால் ஒன்று கூடுதலாக இருக்கிறது. 60 சரியாக வந்தும் மீட்டர் உயிர் பெறாவிட்டால் இன்ஜினுக்கும் சேசிஸுக்கும் இடையிலான எர்த் பட்டையைக் கழற்றிப் பாருங்கள். கடல் காற்றில் பச்சை பூத்திருந்தால் சுரண்டாமல் புதிது போடுங்கள்.