குப்பியைத் திறக்கும் முன் தண்டை வெட்டிப் பாருங்கள்

கேள்வி: காய்ப்பில் இருக்கும் என் தக்காளிச் செடிகள் மஞ்சளாகாமல், பச்சையாகவே தொங்கி மூன்றே நாளில் சாகின்றன. பாக்டீரியா வாடல் என்று சொல்லி, கடைக்காரர் ‘நானோ கார்பன்’ குப்பி ஒன்றைக் கொடுத்தார். அதில் அளவு எதுவும் அச்சிடப்படவில்லை. லிட்டருக்கு எத்தனை மில்லி தெளிக்கலாம்?

பதில்: ஒரு மில்லிகூட வேண்டாம். உள்ளே இருப்பது கிராபீன் ஆக்சைடு என்னும் மெல்லிய கார்பன் தகடா, நுண்ணிய கார்பன் குழாயா, வெறும் கரித்தூளா? துகள் அளவும் செறிவும் பயிரின் பெயரும் இல்லாத பொருளை நோய்க்கு மருந்தென்று விற்பது பெரும் தவறு. திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணிய கார்பன் நானோ துகள்கள் பாக்டீரியாவைக் கொல்லும் என்பது உண்மைதான். கிராபீன் ஆக்சைடின் மெல்லிய தகடுகள் கிருமியைப் போர்த்திக்கொண்டு அதன் சவ்வைக் கிழிக்கின்றன. வாடலை உண்டாக்கும் ரால்ஸ்டோனியா என்ற பாக்டீரியாவே ஆய்வகத்தில் இப்படி மடிந்திருக்கிறது. ஆனால் அங்கே துகளும் கிருமியும் நேருக்கு நேர் நின்றன. உங்கள் வயலில் கிருமி தண்டின் நீர்க்குழாய்களுக்குள் பெருகிக் கிடக்கிறது; இலைமேல் தெளிப்பதால் அதைத் தொட முடியாது. மண்ணில் ஊற்றினாலோ, மட்கு துகள்களின்மேல் படிந்துகொள்ளும். மண்ணிலுள்ள கால்சியம் அவற்றைத் திரளச் செய்துவிடும். மிஞ்சும் வீரியமும் நல்ல பாக்டீரியா, கெட்ட பாக்டீரியா என்று பார்க்காது.

நீங்கள் கேட்டிருக்க வேண்டியது, நோய் எப்படிச் செடி செடியாக நகர்கிறது என்பதை. முதலில், வாடிய செடியின் அடித்தண்டை வெட்டிக் கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் வெட்டுமுனை மட்டும் நனையுமாறு பிடியுங்கள். சில நிமிடங்களில் வெண்ணிற இழைகள் பால்போல் இறங்கினால் பாக்டீரியா வாடல்தான். இறங்காவிட்டால் வேறு காரணம் தேட வேண்டும், மீண்டும் எழுதுங்கள்.

வாடல்தான் என்றால் குற்றவாளி உங்கள் வாய்க்கால். இதை எத்தனை முறை எழுதினாலும் எனக்கு அலுக்காது. நோயுற்ற பாத்தியைத் தொட்டு அடுத்த பாத்திக்குப் பாயும் தண்ணீர், கிருமியை ஒவ்வொரு வேருக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. வேர்முடிச்சு நூற்புழு துளைத்த காயமும், களைக்கொத்து பட்ட காயமும் அதற்கு வாசல். சொட்டுநீருக்கு மாறுங்கள், இயலாவிட்டால் பாத்திக்குப் பாத்தி தனி மடை வையுங்கள். காய்க்கும் செடிகளுக்கு நடுவே கொத்துவதை நிறுத்துங்கள்.

வாடிய செடிக்கு மருந்து கிடையாது. வேர்மண்ணோடு தோண்டிச் சாக்கில் போட்டு வெளியேற்றி எரியுங்கள். அடுத்த பருவத்தில் அந்த நிலத்தில் தக்காளி, கத்தரி, மிளகாய், உருளை எதுவும் வேண்டாம். சோளமோ மக்காச்சோளமோ போடுங்கள். மறுபடி தக்காளிக்கு வரும்போது சுண்டைச் செடியில் ஒட்டுக்கட்டிய நாற்றாகக் கேட்டு வாங்குங்கள். குப்பிக்குக் கொடுக்கும் பணத்தை அதற்குக் கொடுங்கள்.

இன்றே செய்ய வேண்டியது ஒன்று: வாடிய பாத்தியின் மடையை அடைத்துவிட்டு, அங்கே புழங்கிய மண்வெட்டியைக் கழுவித் தீயில் வாட்டுங்கள்.