ஸ்பானிய மொழி கற்க ஆங்கில இலக்கணம் மட்டும் துணையாகுமா?

வாசகர் கேள்வி: தமிழ் வழியில் பள்ளிக் கல்வி முடித்த நான், பின்னர் ஆங்கிலம் கற்று, இப்போது எட்டு மாதங்களாக ஆங்கில வழிப் பாடநூல் ஒன்றைக் கொண்டு ஸ்பானிய மொழி படித்து வருகிறேன். ஒவ்வொரு வாக்கியத்தையும் 'நான்' என்று பொருள்படும் 'யோ'வில் தொடங்கும் பழக்கத்தை விட முடியவில்லை. 'பிடித்திருக்கிறது' என்பதற்கான வினையைப் பாடநூல் 'தலைகீழ் வினை' என்கிறது. அது மனத்தில் பதியவே இல்லை. ஆங்கிலத்தின் 'பீ' வினைக்கு ஸ்பானியத்தில் உள்ள இரு வினைகளில், நிலையானதற்கு 'செர்', தற்காலிகமானதற்கு 'எஸ்தார்' என்ற விதியும் அடிக்கடி பொய்க்கிறது. இரு மொழி இலக்கணங்களையும் ஒப்பிட்டுப் படிப்பது சரியான வழிதானா, அல்லது ஆங்கிலத்தை விட்டுவிட வேண்டுமா?

பதில்: ஆங்கிலத்தை விட வேண்டியதில்லை, ஆனால் ஒப்பீட்டில் ஒரு மொழி விடுபட்டிருக்கிறது. உங்கள் பாடநூல், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவருக்கு எது புதிதாகத் தோன்றும் என்ற கணக்கில் எழுதப்பட்டது. அதனால் அவருக்குக் கடினமானவை கடினம் என்றும், அவருக்கு இயல்பானவை எளிது என்றும் அதில் பிரிக்கப்பட்டிருக்கின்றன. தமிழில் சிந்தித்து வளர்ந்த உங்களுக்கு அந்தப் பிரிவினை பல இடங்களில் பொருந்தாது. நீங்கள் குறிப்பிட்ட மூன்று சிக்கல்களிலும் ஸ்பானியம் ஆங்கிலத்தைவிடத் தமிழுக்கே நெருக்கமாக நிற்கிறது. இங்கே ஸ்பானியச் சொற்களை ஒலியை ஒட்டித் தமிழ் எழுத்தில் தருகிறேன். உங்கள் நூலில் உள்ள எழுத்து வடிவத்தோடு பொருத்திப் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் 'யோ'. ஆங்கிலத்தில் 'ஸ்பீக்' என்ற வடிவம் நான், நீ, நாங்கள், நீங்கள், அவர்கள் ஆகிய அனைவருக்கும் பொதுவானது; படர்க்கை ஒருமைக்கு மட்டும் 'ஸ்பீக்ஸ்' என்று ஓர் ஒலி கூடுகிறது. பேசுபவர் யார் என்பதை வினை காட்டாததால் எழுவாயைச் சொல்லியே ஆக வேண்டியிருக்கிறது. மழை பெய்வதைச் சொல்லக்கூட 'இட்' என்று பொருளற்ற ஓர் எழுவாயை ஆங்கிலம் முன்னால் நிறுத்துகிறது. ஸ்பானியத்தில் 'யுவேவே' என்ற ஒற்றை வினையே முழு வாக்கியம். ஆப்லோ, ஆப்லாஸ், ஆப்லா, ஆப்லாமோஸ், ஆப்லாய்ஸ், ஆப்லான் என்று ஸ்பானிய வினை ஆறு ஈறுகளை ஏற்கிறது. பேசுகிறேன், பேசுகிறாய், பேசுகிறார், பேசுகிறோம் என்று விகுதியிலேயே ஆளை உணர்த்தும் மொழியில் வளர்ந்தவருக்கு இதில் வியப்பு ஒன்றுமில்லை. 'நாளைக்கு வருகிறேன்' என்று தமிழில் சொல்லும்போது 'நான்' தேவைப்படுகிறதா என்று பாருங்கள். தேவைப்படாத இடத்தில் 'யோ'வும் தேவையில்லை. 'நான் பேசுகிறேன், அவன் கேட்கிறான்' என்று இருவரை எதிரெதிரே நிறுத்தும்போது தமிழில் 'நான்' வருவதைப் போலவே அங்கும் 'யோ' வரும். வேறுபாடு ஒன்றுண்டு. பேசுகிறான், பேசுகிறாள் என்று தமிழ் விகுதி ஆண்பாலையும் பெண்பாலையும் பிரித்துக் காட்டும். 'ஆப்லா' இருவருக்கும் பொது. சூழலால் விளங்காதபோது படர்க்கைப் பெயரைச் சொல்லத்தான் வேண்டும்.

நீ, நீங்கள் என்ற வேறுபாட்டைப் புரியவைக்கப் பாடநூல் எவ்வளவு விளக்கினாலும் உங்களுக்கு அது புதிதன்று. 'தூ', 'உஸ்தேத்' என்பவை அவையே. ஆனால் நம் மரியாதை வடிவம் பன்மையிலிருந்து வந்தது. 'உஸ்தேத்' என்பதோ 'தங்கள் மேன்மை' என்பது போன்ற பழைய மரியாதைத் தொடர் ஒன்று சுருங்கி உருவான சொல். அதனால்தான் எதிரில் நிற்பவரைக் குறித்தாலும் அது படர்க்கை ஒருமை வினையை ஏற்கிறது. அர்ஜென்டினாவில் 'தூ' இருக்கும் இடத்தில் 'வோஸ்' கேட்டால் குழம்ப வேண்டாம்; 'நீங்கள் எல்லோரும்' என்பதற்கு ஸ்பெயினில் வழங்கும் 'வொசோத்ரோஸ்' லத்தீன் அமெரிக்கப் பேச்சில் இல்லை, அங்கே 'உஸ்தேதெஸ்' மட்டுமே.

அடுத்தது 'தலைகீழ் வினை'. ஆங்கிலத்தில் விரும்புபவர்தான் எழுவாய். அந்தப் பார்வையில்தான் 'மெ குஸ்தா எல் லீப்ரோ' தலைகீழாகத் தெரிகிறது. அதைச் சொல்லுக்குச் சொல் தமிழில் வையுங்கள்: 'எனக்குப் பிடிக்கிறது அந்தப் புத்தகம்'. இதில் தலைகீழ் எங்கே இருக்கிறது? நான்காம் வேற்றுமையில் ஆளை வைத்து, பிடிக்கும் பொருளை எழுவாயாக்கும் இந்த அமைப்பை நாம் பேசத் தொடங்கிய நாளிலிருந்து பயன்படுத்துகிறோம். மெ, தெ, லெ, நோஸ், லெஸ் என்பவற்றை எனக்கு, உனக்கு, அவருக்கு, நமக்கு, அவர்களுக்கு என்றே மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். 'மெ துவெலெ லா கபேசா' என்றால் எனக்குத் தலை வலிக்கிறது. ஆங்கிலத்தைப் போல 'என் தலை' என்று உடைமைச் சொல் சேர்க்காமல் இரு மொழிகளும் வெறும் 'தலை' என்றே சொல்வதையும் கவனியுங்கள். 'மெ பரேசே' எனக்குத் தோன்றுகிறது. 'செ மெ ஒல்விதோ' எனக்கு மறந்துவிட்டது. மறதியை நம் செயலாகச் சொல்லாமல் நமக்கு நேர்ந்ததாகச் சொல்லும் இந்தப் பாங்கைப் பார்க்கும்போதெல்லாம், தமிழ் மாணவர் ஒருவர் இதை 'விதிவிலக்கு' என்று மனப்பாடம் செய்ய நேர்வது எனக்கு வருத்தம் தருகிறது.

இந்த ஒற்றுமையிலும் மூன்று இடங்களில் நின்று கவனிக்க வேண்டும். தமிழில் ஒரு புத்தகமானாலும் பல புத்தகங்களானாலும் 'பிடிக்கும்' மாறாது; ஸ்பானியத்தில் பல புத்தகங்கள் என்றால் 'குஸ்தா' என்பது 'குஸ்தான்' ஆகிவிடும். இரண்டாவதாக, 'ஆனாவுக்குப் பிடிக்கும்' என்று நாம் ஒருமுறை சொல்வதை அவர்கள் 'அ ஆனா லெ குஸ்தா' என்று இருமுறை சொல்வார்கள். 'ஆனாவுக்கு அவளுக்குப் பிடிக்கும்' என்பது போன்ற அந்த 'லெ'யை விடக் கூடாது. மூன்றாவதாக, தமிழில் 'எனக்கு' வரும் எல்லா இடங்களிலும் 'மெ' வராது. எனக்குப் பசிக்கிறது என்பது 'தெங்கோ ஆம்ப்ரே', அதாவது பசியை உடையேன். எனக்கு இருபது வயது என்பதும் ஆண்டுகளை உடையேன் என்றே சொல்லப்படும். எனக்குத் தெரியும், எனக்கு வேண்டும் ஆகிய இரண்டும் 'செ', 'கியேரோ' என்று தன்மை வினைகளாகவே வரும்.

பாடநூல் ஒரே பத்தியில் கடந்துபோகும் இன்னொரு செய்தி, மனிதரைச் செயப்படுபொருளாக்கும்போது முன்னால் வரும் 'அ' என்ற இடைச்சொல். 'வேயோ லா காசா' என்றால் வீட்டைப் பார்க்கிறேன்; 'வேயோ அ மரீயா' என்றால் மரீயாவைப் பார்க்கிறேன். ஆங்கிலத்தில் இதற்கு இணையே இல்லை. தமிழிலோ 'புத்தகம் வாங்கினேன்' என்று அஃறிணைப் பெயர் உருபின்றி வரலாம்; 'மரீயா பார்த்தேன்' என்று சொல்ல முடியாது, 'மரீயாவை' என்று ஐயுருபு வந்தே தீர வேண்டும். அதோடு நிற்கவில்லை. 'வேலைக்கு ஆள் தேடுகிறோம்' என்றால் யாரேனும் ஒருவர். 'ஆளைத் தேடுகிறோம்' என்றால் நமக்குத் தெரிந்த, குறிப்பிட்ட ஒருவர். இதே நுட்பம் ஸ்பானியத்திலும் உண்டு: 'பூஸ்கோ உன் த்ரதுக்தோர்' என்றால் எவரேனும் ஒரு மொழிபெயர்ப்பாளர் தேவை; 'பூஸ்கோ அ உன் த்ரதுக்தோர்' என்றால் தேடப்படுபவர் ஏற்கெனவே மனத்தில் இருக்கிறார். ஆயினும் 'அந்தப் புத்தகத்தை' என்று குறிப்பிட்ட அஃறிணைப் பொருளுக்கும் நாம் சேர்க்கும் ஐயுருபை அங்கே கொண்டுபோகாதீர்கள். உயிரற்ற பொருளுக்குப் பொதுவாக 'அ' வராது.

இனி 'செர்', 'எஸ்தார்'. நிலையானது, தற்காலிகமானது என்ற விதி பொய்ப்பதாக நீங்கள் சொல்வது சரியே. மாட்ரிட் ஸ்பெயினில் இருப்பது மாறப்போவதில்லை, ஆனாலும் 'எஸ்தார்'. ஒருவர் இறந்த நிலை மீளாதது, அதற்கும் 'எஸ்தார்'. மணி மூன்று என்பது சில நிமிடங்களில் மாறிவிடும், அதற்கு 'செர்'. நான் பரிந்துரைக்கும் சோதனை வேறு. செய்தியைத் தமிழில் சொல்லிப் பார்த்து, 'இரு' என்ற வினை தேவைப்படுகிறதா என்று கேளுங்கள். அவர் ஆசிரியர், இன்று திங்கள், இந்த வீடு பெரியது, இது என்னுடையது ஆகியவற்றில் வினையே இல்லை. இவை 'செர்' ஏற்பவை. அவர் வீட்டில் இருக்கிறார், கதவு திறந்திருக்கிறது, அவள் படித்துக்கொண்டிருக்கிறாள் ஆகிய மூன்றிலும் 'இரு' வெளிப்படையாகவோ துணைவினையாகவோ நிற்கிறது. இவை 'எஸ்தார்' ஏற்பவை. 'லா மன்சானா எஸ் வெர்தே' என்றால் அந்த ஆப்பிளின் நிறம் பச்சை. 'லா மன்சானா எஸ்தா வெர்தே' என்றால் அது இன்னும் காயாக இருக்கிறது. அதேபோல் 'எஸ் லீஸ்தோ' அவன் கெட்டிக்காரன், 'எஸ்தா லீஸ்தோ' அவன் தயாராக இருக்கிறான்.

இந்தச் சோதனை பண்புச்சொற்களில் தடுமாறும், ஏனெனில் 'வீடு பெரியது' என்பதை 'வீடு பெரிதாக இருக்கிறது' என்றும் தமிழில் சொல்லலாம். வினையற்ற வடிவத்தில் சொன்னாலும் பொருள் குறையவில்லை என்றால் 'செர்' என்று முடிவு செய்யுங்கள். கூட்டம் அலுவலகத்தில் என்பது போன்ற நிகழ்ச்சிகளுக்கு 'நடக்கிறது' என்று மாற்றிச் சொல்ல முடியுமானால், இடத்தைக் குறித்தாலும் 'செர்'தான். 'மேசையில் ஒரு புத்தகம் இருக்கிறது' என்று புதிதாக ஒன்றை அறிமுகப்படுத்தும்போது 'எஸ்தார்' வராமல், எண்ணாலும் மாறாத 'ஆய்' என்ற சொல் வரும். 'புத்தகம் மேசையில் இருக்கிறது' என்று ஏற்கெனவே அறிந்த பொருளின் இடத்தைச் சொல்லும்போதுதான் 'எஸ்தா'.

இறந்தகாலம் இரண்டாகப் பிரிவதும் நீங்கள் விரைவில் சந்திக்கப்போகும் சிக்கல். நடந்து முடிந்த செயலுக்கு ஒரு வடிவம். முன்பு வழக்கமாக நடந்ததற்கும் அப்போது நடந்துகொண்டிருந்ததற்கும் இன்னொரு வடிவம். ஆங்கிலத்தின் எளிய இறந்தகாலம் பெரும்பாலும் இரண்டையும் மூடிவிடும். தமிழில், 'தாத்தா தினமும் கதை சொல்வார்' என்று பழைய நாள்களை நினைவுகூரும்போது எதிர்கால வடிவத்தைப் பயன்படுத்துகிறோம் அல்லவா? அந்த இடத்தில்தான் 'கொந்தாபா' என்ற தொடர் இறந்தகாலம் வரும். 'அன்று ஒரு கதை சொன்னார்' என்றால் 'கொந்தோ' என்று ஈற்றசையை அழுத்திச் சொல்ல வேண்டும். பேசினார் என்ற 'ஆப்லோ'வில் அழுத்தம் ஈற்றசையிலிருந்து முதலசைக்கு நகர்ந்தால் அது 'பேசுகிறேன்' ஆகிவிடும் என்பதால் எழுத்தின் மேலுள்ள குறியை அலட்சியம் செய்யாதீர்கள்.

ஆங்கிலம் உண்மையாகவே கைகொடுக்கும் இடங்களும் உண்டு. சொல் வரிசையில் வினை செயப்படுபொருளுக்கு முன்னால் வருவது, 'எ அப்லாதோ' ('ஐ ஹேவ் ஸ்போக்கன்') போன்ற கூட்டு இறந்தகாலம், பெயருக்குப் பின்னால் வரும் துணைவாக்கியம் ஆகியவற்றில் தமிழ் உதவாது. 'நான் வாங்கிய புத்தகம்' என்ற நம் பெயரெச்ச அமைப்பை மறந்து 'த புக் தட் ஐ பாட்' என்ற ஆங்கில அமைப்பைப் பின்பற்றுங்கள். அந்த 'தட்' ஆங்கிலத்தில் மறையலாம், ஸ்பானியத்தில் 'கெ' மறையாது. 'த', 'எ' போன்ற சுட்டிடைச்சொற்களிலும் ஆங்கிலம் பாதி வழிதான் வரும்: 'வாழ்க்கை குறுகியது' என்ற பொதுக்கூற்றில் ஸ்பானியம் 'லா' சேர்க்கும், ஆங்கிலம் சேர்க்காது, 'நான் மருத்துவர்' என்பதில் நிலைமை நேர்மாறு. எதிர்மறையில் 'எதையும் பார்க்கவில்லை' என்பதை 'நோ வி நாதா' என்று இரட்டை எதிர்மறையாகச் சொல்வார்கள். கேள்விக்கு ஆங்கிலத்தின் 'டூ' போன்ற துணைவினை இல்லை. சொற்கள் அப்படியே இருந்து குரல் மட்டும் உயர்ந்து கேள்வியாவதால், படிப்பவர் முதலிலேயே அறியும்படி தலைகீழ் வினாக்குறியை வாக்கியத்தின் தொடக்கத்தில் இடும் முறையை ஸ்பானிய அரச அகாதமி 1754இல் விதித்தது.

பொருள்களின் பாலுக்கு இரு மொழிகளும் உதவா. பகுத்தறிவின் அடிப்படையில் திணை பிரித்த நமக்கு மேசை பெண்பால் என்பது காரணமற்றதாகவே தோன்றும். காரணம் தேடாமல் ஒவ்வொரு பெயரையும் 'எல்' அல்லது 'லா'வுடன் சேர்த்தே படியுங்கள். கை என்ற 'மானோ' பெண்பால், சிக்கல் என்ற 'ப்ரொப்லேமா' ஆண்பால்.

விருப்பம், ஐயம், இன்னும் நடவாதது ஆகியவற்றுக்கு வரும் தனி வினைமுறையில்தான் பெரும்பாலோர் தளர்கிறார்கள். 'கியேரோ கெ வெங்காஸ்' என்றால் நீ வர வேண்டும் என்று விரும்புகிறேன். ஆங்கிலம் இங்கே 'டு கம்' என்ற எச்சத்தைப் பயன்படுத்துவதால் எந்தத் தடயமும் தராது. இதற்குள் நுழைய, மேலே சொன்ன மொழிபெயர்ப்பாளரையே மீண்டும் அழைத்து வருகிறேன். 'தமிழ் பேசும் மொழிபெயர்ப்பாளர் தேடுகிறேன்' என்றால் அப்படி ஒருவர் கிடைப்பாரா என்பதே உறுதியில்லை: 'பூஸ்கோ உன் த்ரதுக்தோர் கெ ஆப்லே தமில்'. 'தமிழ் பேசும் மொழிபெயர்ப்பாளர் ஒருவரைத் தேடுகிறேன்' என்று, தெரிந்த ஒருவரை நினைத்துச் சொன்னால் அவர் பேசுவது உறுதி: 'பூஸ்கோ அ உன் த்ரதுக்தோர் கெ ஆப்லா தமில்'. நம் ஐயுருபு எடுத்துக்காட்டும் அதே வேறுபாட்டை அவர்கள் 'அ'விலும் வினையின் ஈற்றிலுமாக இரு இடங்களில் காட்டுகிறார்கள். இந்த வாரம் இத்தகைய பத்து வாக்கியங்களை, முதலில் தமிழில் உருபுடனும் உருபின்றியும் எழுதி, அதன் பிறகு ஸ்பானியத்தில் எழுதுங்கள். இந்தப் பயிற்சி முடியும்வரை ஆங்கில வாக்கியத்தை இடையில் கொண்டுவராதீர்கள்.