புறா அளவில் ஒரு பருந்து, கோழிக்குஞ்சைத் தூக்குமா?

வீட்டு வேப்பமரத்தில் புறா அளவில் ஒரு பருந்து வந்து உட்காருகிறது, குஞ்சுகளைத் தூக்குமா, விரட்டிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தூக்கும். எங்கள் அத்தையின் குஞ்சு ஒன்றை என் கண்ணெதிரே தூக்கியிருக்கிறது. ஆனாலும் விரட்டாதீர்கள் என்றுதான் சொல்வேன்.

முதுகு சாம்பல் நிறம், நெஞ்சில் செங்கல் நிறத்தில் குறுக்குக் கோடுகள், தொண்டை நடுவே ஒரே ஒரு கருங்கோடு. இப்படி இருந்தால் அது வைரி. வல்லூறு என்றும் சொல்வார்கள். கடலூர்ப் பக்கம் அலகு வளைந்திருந்தால் எல்லாமே பருந்துதான்! துறைமுகத்தில் மீன் கழிவுக்கு வட்டமடிக்கிறதே செம்பருந்து, அதைப்போல இது வானத்தில் சுற்றிக்கொண்டிருக்காது. 26 முதல் 30 சென்டிமீட்டர் நீளம்தான், இலைக்குள் போய் உட்கார்ந்துவிட்டால் தேடினாலும் கிடைக்காது.

திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் கொல்லையிலும் ஒன்று வருகிறது. அது வந்திருப்பது எனக்குக் காதில்தான் முதலில் தெரியும். அணில் மரத்தோடு ஒட்டிக்கொண்டு, வாலை வெட்டி வெட்டி, ஒரே தாளத்தில் விடாமல் கத்தும். தவிட்டுக் குருவிகள் கூட்டமாகச் சேர்ந்து கூப்பாடு போடும். அப்புறம் திடீரென்று ஒரு அமைதி. அந்த நேரத்தில் நிமிர்ந்து பார்த்தால், தரையை ஒட்டி ஒரு சாம்பல் கோடு போய் எதிர்க்கிளையில் ஏறும். காலில் பெரும்பாலும் ஓணான்தான். எலி, சின்னக் குருவி, தத்துக்கிளி, சமயத்தில் அணிலும் உண்டு. குஞ்சு தூக்கியதை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். அதற்கே அத்தை இன்றுவரை "உன் சிநேகிதன் வந்துட்டான் பாரு" என்று என்னைத் திட்டுகிறாள்.

ஒருநாள் நன்றாக ஏமாந்தேன். வைரியின் "கீ...கீ" கேட்டது; தோட்டத்தில் புழு பொறுக்கிக்கொண்டிருந்த மைனாக்கள் எல்லாம் பறந்தோடின. வைரியைத் தேடினால் கரண்ட் கம்பியில் இருந்தது ஒரு கரிச்சான்! அந்தக் குரலில் கத்தி மைனாக்களை விரட்டிவிட்டு, அவை விட்டுப்போன இரையைத் தின்னும் பழக்கம் கரிச்சானுக்கு உண்டு. அக்காக்குயிலையும் பலர் வைரி என்று நினைப்பார்கள், நிறமும் பறக்கும் விதமும் அப்படி. அலகைப் பாருங்கள், குயிலுக்குக் கொக்கி போல வளைந்திருக்காது.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயலில் எங்கள் பெரிய மாமரம் சாய்ந்தது. அதற்குப் பிறகு சில வருடம் வைரி கண்ணில் படவே இல்லை. இப்போதுள்ள வேம்பு உயர்ந்த பிறகுதான் மறுபடி வந்தது.

சரி, குஞ்சுகளுக்கு என்ன செய்வது? கொஞ்சம் பெரிதாகும்வரை கூடைக்குள்ளோ வலைக்கு அடியிலோ மேயவிடுங்கள், போதும். வைரியைப் பிடிப்பதும் அதன் கூட்டைக் கலைப்பதும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், கல்லெறிய வேண்டாம்.

அடுத்த முறை வரும்போது கண்ணைப் பாருங்கள். இரத்தச் சிவப்பாக இருந்தால் ஆண். மஞ்சளாக, உடலும் சற்றுப் பெரிதாக இருந்தால் பெண்ணாக இருக்கலாம். மார்ச்சிலிருந்து ஜூனுக்குள் சுள்ளியைக் காலில் பிடித்துக்கொண்டு பறந்தால், பக்கத்து மரம் எதிலோ கூடு கட்டுகிறது.