தமிழ்நாட்டில் இருந்துகொண்டு மிகத் தாழ்ந்த அதிர்வெண் ரேடியோவைச் சொந்தமாகச் செய்து பார்க்க முடியுமா? என்ன தேவைப்படும்?

முடியும். லேப்டாப் ஏற்கெனவே இருந்தால் மீதிச் செலவு ஆயிரம் ரூபாய்க்குள் அடங்கிவிடும். ரிசீவர் செய்வது சுலபம். அதை வைத்துக் கேட்பதற்கு மின்சார இரைச்சல் இல்லாத ஓர் இடம் கண்டுபிடிப்பதுதான் பெரும்பாடு. எனக்கு அதற்கே ஒரு வருஷம் போனது.

தர்மபுரி மாவட்டத்தில், பாலக்கோடு பக்கம், மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். இன்ஜினியரிங் படித்தவன் இல்லை. ஆனால் கம்பி எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது, ஆரம்பித்துவிட்டேன்.

மிகத் தாழ்ந்த அதிர்வெண்ணை ஆங்கிலத்தில் சுருக்கி விஎல்எஃப் என்பார்கள், 3 முதல் 30 கிலோஹெர்ட்ஸ் வரை. அலைநீளம் 100 கிலோமீட்டரிலிருந்து 10 கிலோமீட்டர் வரை. நம் காது பிடிக்கும் ஒலியின் அதிர்வெண்ணும் ஏறக்குறைய இதே வட்டாரம்தான், ஆனால் இது ஒலி இல்லை, மின்காந்த அலை. அதிலேயே ஒரு வசதியும் இருக்கிறது. தனியாக ரேடியோ வாங்க வேண்டாம், ஆண்டெனாவில் வருவதை நேராக லேப்டாப்பின் மைக் ஜாக்கில் கொடுத்தால் சவுண்ட் கார்டே ரேடியோ ஆகிவிடும். விநாடிக்கு 48,000 மாதிரி எடுக்கும் கார்டு என்றால் 24 கிலோஹெர்ட்ஸ் வரை பார்க்கலாம். ஸ்பெக்ட்ரம் லேப் என்ற இலவச மென்பொருள் போட்டுக்கொள்ளுங்கள். வருகிற எல்லாவற்றையும் மேலிருந்து கீழே வழியும் வண்ணப் படமாகக் காட்டும். இதற்கு வாட்டர்ஃபால் என்று பெயர்.

ஆண்டெனா: இரண்டு ரீப்பர் கட்டையைக் கூட்டல் குறி மாதிரி அடித்து, நான்கு முனையிலும் வெட்டு கொடுத்து, பக்கத்துக்கு ஒரு மீட்டர் வரும்படி சதுரமாக 26 கேஜ் எனாமல் கம்பி 50 சுற்று. மொத்தம் 200 மீட்டர், எடை 300 கிராம் வரும். இரும்புச் சட்டத்தில் மட்டும் கட்டாதீர்கள். நான் முதலில் கடையில் கிடந்த பழைய இரும்பு ஜன்னல் சட்டத்தில்தான் கட்டினேன். ஒன்றும் வரவில்லை. மூடிய இரும்பு வளையம் என்பது ஷார்ட் ஆன ஒரு சுற்று. கஸ்டமர் மோட்டாரில் ஷார்ட் டர்ன் இருந்தால் கையை வைத்ததுமே சொல்லிவிடுவேன், என் ஆண்டெனாவில் அதைக் கண்டுபிடிக்க இரண்டு வாரம் ஆனது.

முதலில் தேட வேண்டியது 18.2 கிலோஹெர்ட்ஸ். திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணத்தில் இருக்கும் கடற்படையின் ஐஎன்எஸ் கட்டபொம்மன் நிலையம் அது. 1990-இல் தொடங்கியது. நீரில் மூழ்கியிருக்கும் நீர்மூழ்கிக் கப்பலுக்குச் செய்தி அனுப்புவதுதான் அதன் வேலை. இந்த அதிர்வெண்ணில் கடல்நீருக்குள் ஒவ்வொரு இரண்டு மீட்டருக்கும் அலை மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். கேட்கக் கொஞ்சமாகத் தெரியும், ஆனால் செல்போன் அலைக்கு அந்த இரண்டு மீட்டரே எட்டாக்கனி. எங்கள் ஊரிலிருந்து அந்த நிலையம் ஏறத்தாழ 400 கிலோமீட்டர் நேர் தெற்கு. சதுரத்தின் விளிம்பைத் தெற்கு பார்க்கத் திருப்பினால் திரையில் பட்டையாக ஒரு கோடு எழும், கிழக்கு மேற்காகத் திருப்பினால் மங்கும். அந்தக் கோடு முதன்முதலில் எழுந்தபோது கடையில் யாரும் இல்லை, பக்கத்து டீக்கடைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "பாட்டு வருமா?" என்றார். வராது. அது ரகசியக் குறியீட்டில் போகிற செய்தி, அதைப் பிரிக்க முயல்வது நம் வேலையும் இல்லை. அலையின் பலத்தை மட்டும் அளக்கிறோம்.

அடுத்தது 19.8 கிலோஹெர்ட்ஸ், மேற்கு ஆஸ்திரேலியாவின் ஹரால்ட் ஹோல்ட் நிலையம். 1,000 கிலோவாட். இந்தியப் பெருங்கடலைத் தாண்டி 5,400 கிலோமீட்டர் வருகிறது. 22.2-இல் ஜப்பானின் எபினோ. ஸ்வீடனின் கிரிமெட்டனில் 1924-இல் நிறுவிய சுழலும் ஆல்டர்னேட்டர் ஒன்று இன்னும் 17.2 கிலோஹெர்ட்ஸில் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் மோர்ஸ் அனுப்பும். டிரான்சிஸ்டரும் இல்லை, வால்வும் இல்லை, மோட்டார் சுற்றியே ரேடியோ அலை! எங்கள் தொழில்காரன் கும்பிட வேண்டிய மெஷின். நம் நேரத்துக்கு அது மதியம் ஒன்றரை மணி, முழு வெயில். எனக்குக் கேட்டதே இல்லை.

இப்போது இரைச்சலுக்கு வருகிறேன். வீட்டில் வைத்தால் திரை முழுக்க 50 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும் சீப்புப் பல் மாதிரி நிற்கும். எல்இடி பல்பு, டிவி பெட்டி, இன்வெர்ட்டர், லேப்டாப் சார்ஜர் எல்லாமே கத்தும். சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓட்டுங்கள், பாதி சனி விலகும். மீதிக்கு ஊரை விட்டு வெளியே போக வேண்டும். ஆனால் எங்கள் பக்கம் ஊருக்கு வெளியே என்றாலும் கிணறு இருக்கும், கிணறு இருந்தால் மோட்டார் இருக்கும். த்ரீ ஃபேஸ் வந்ததும் வரிசையாக ஸ்டார்டர் விழும் சத்தத்தைத் திரையிலேயே எண்ணலாம். அதில் பாதி மோட்டாருக்கு நானே காயில் கட்டியிருப்பேன் என்பது தனி வேடிக்கை.

மாரண்டஹள்ளி தாண்டி சித்தப்பாவின் நிலக்கடலைக் காடு இருக்கிறது. அங்கே கம்பமே இல்லை. ஒரு ராத்திரி போய் உட்கார்ந்தேன். ஐம்பது ஹெர்ட்ஸ் கிட்டத்தட்ட மறைந்தே போனது. ஆனால் "டக்... டக்... டக்..." என்று விநாடிக்கு ஒன்றாக, கடிகாரம் வைத்த மாதிரி ஒரு சத்தம். அடிமட்டத்திலிருந்து 24 கிலோஹெர்ட்ஸ் வரை ஒரே நேர்க்கோடு. மூன்று ராத்திரி பதிவு செய்தேன். ராடாரா, விண்வெளியிலிருந்து வருவதா என்று கண்டதையும் படித்தேன். நான்காம் நாள் சித்தப்பாவிடம் ஹெட்போனைக் கொடுத்தேன். ஒரு காதில் மட்டும் வைத்துக் கேட்டார்.

"டேய், இது நம்ம சோலார் வேலிடா. பன்னிக்குப் போட்டது. அங்கயும் இப்படித்தான் டக்கு டக்குன்னு அடிக்கும்."

வேலியை அணைத்தார். சத்தம் நின்றது. அப்போதுதான் அதுவரை பின்னால் ஒளிந்திருந்தது கேட்டது.

எண்ணெய்ச் சட்டியில் கடுகு வெடிப்பது மாதிரி ஓயாத பொரிச்சல். ஒவ்வொரு பொரியும் எங்கோ விழுந்த ஒரு மின்னல். உலகம் முழுக்க விநாடிக்கு 40, 50 மின்னல் அடித்துக்கொண்டே இருக்கிறது, பலமானவை ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓடி வரும். சித்தப்பா வானத்தைப் பார்த்தார். ஒரு மேகம்கூட இல்லை. நடுநடுவே "ட்யூங்" என்று வேறொரு சத்தம். மின்கம்பத்தை இழுத்துக் கட்டிய ஸ்டே கம்பியில் சின்ன வயசில் கல்லால் தட்டிக் கேட்டிருக்கிறீர்களா, அதே சத்தம். (இப்போது தட்டாதீர்கள்.) இதற்கு ட்வீக் என்று பெயர். ராத்திரியில்தான் வரும்.

இந்த ட்வீக்குக்காகவே இந்தப் பைத்தியக்காரத்தனத்தைச் செய்யலாம் என்பேன். தரைக்கும், மேலே மின்னேற்றம் பெற்ற காற்றடுக்கான அயனி மண்டலத்துக்கும் நடுவே மின்னலின் அலை முட்டி முட்டி ஓடி வருகிறது. அந்த இடைவெளிக்குள் அடங்காத நீளமுள்ள அலை அப்படி முட்டிக்கொண்டு ஓட முடியாது. மட்டுமட்டாக அடங்குகிற அலை ஓடும், ஆனால் தத்தித் தத்தி. அதனால் கீச்சுச் சத்தம் முதலில் வந்துவிட, கட்டைச் சத்தம் பின்தங்கி வருகிறது. திரையில் அது மேலிருந்து சரிந்து, சுமார் 1,700 ஹெர்ட்ஸில் கொக்கி மாதிரி வளைந்து நிற்கும். அந்தக் கொக்கியின் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒளியின் வேகம் விநாடிக்கு 3,00,000 கிலோமீட்டர். அதை 1,700-இன் இரண்டு மடங்கால் வகுத்தால் 88 கிலோமீட்டர். ராத்திரி வானத்தின் கூரை உயரம் அது. கடலைக் காட்டில் குந்திக்கொண்டு, 300 கிராம் கம்பியில், கால்குலேட்டர்கூட இல்லாமல் போட்ட கணக்கு. மைக் ஜாக் பலவீனமாக இருந்தால் ஒரு எஃப்இடி டிரான்சிஸ்டரை 9 வோல்ட் பேட்டரியில் பெருக்கியாகப் போட்டு, இரண்டு மீட்டர் கம்பியைச் செங்குத்தாக நிறுத்தி, மண்ணில் ஒரு எர்த் கம்பி அடித்துக் கேளுங்கள். செல்போனில் பதிவு செய்தால் இரைச்சல் குறைக்கும் வசதியை அணைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அது மின்னலையே இரைச்சல் என்று துடைத்துவிடும்.

விசிலர் என்ற சத்தத்தைப் பற்றியும் படித்திருப்பீர்கள். மின்னலின் அலை பூமியின் காந்தப்புலக் கோட்டைப் பிடித்து விண்வெளிக்குப் போய், மறுபக்கம் சீட்டி அடித்துக்கொண்டு இறங்குவது. முதல் உலகப்போரில் எதிரியின் தொலைபேசியை ஒட்டுக்கேட்கப் போனவர்கள் காதில் இது விழுந்தது, ஓவன் ஸ்டோரி என்ற ஆய்வாளர் 1953-இல் காரணம் சொன்னார். நான் ஏழெட்டு மாதம் காத்திருந்து ஏமாந்தேன். பூமியின் காந்தப்புலம் தரைக்குக் கிடையாகப் படுத்திருக்கும் காந்த நடுக்கோடு தென்கோடித் தமிழ்நாட்டை ஒட்டிப் போகிறது. அதனால் தர்மபுரி, கிருஷ்ணகிரியில் கிளம்பும் காந்தக் கோடு சில பத்து கிலோமீட்டர் எழும்பியதுமே வளைந்து கீழே வந்துவிடும், விண்வெளியை எட்டவே எட்டாது. விசிலருக்காக இங்கே ராத்திரி கண்விழிக்காதீர்கள்.

பகலில் செய்யத் தகுந்தது சூரிய வெடிப்பைப் பிடிப்பது. பராமரிப்புக்காகக் கரண்ட் நிறுத்தும் நாள் இதற்கு அருமை, கடைக்கு எப்படியும் வேலை இருக்காது. 19.8-இன் பலத்தை நாள் முழுக்கக் கோடாக வரையச் சொல்லுங்கள். சூரியனில் வெடிப்பு நடந்தால் அதன் எக்ஸ் கதிர் எட்டு நிமிஷத்தில் வந்து அயனி மண்டலத்தின் அடித்தட்டை மாற்றிவிடும். கோடு சட்டென்று செங்குத்தாக ஏறி, மெதுவாகச் சரிந்து இறங்கும். 2024 மே 11, சனிக்கிழமை காலை 6.53-க்கு உச்சம் தொட்ட எக்ஸ் 5.8 வெடிப்பு (எக்ஸ் என்பது மிகப் பலமான வகை) எனக்கு அப்படித்தான் கிடைத்தது. முந்தின ராத்திரிதான் சூரியப் புயலால் லடாக்கின் ஹான்லேயில் வானம் சிவந்திருந்தது. விடியலிலும் அந்தியிலும் கோடு தானாகவே குழி விழும், அதை வெடிப்பு என்று நினைத்து ஏமாற வேண்டாம். நான் நினைத்தேன்.

அலை அனுப்பலாமா என்றால், வேண்டாம். அனுப்புவதற்கு மத்திய தொலைத்தொடர்புத் துறையின் அமெச்சூர் தேர்வு எழுதி உரிமம் வாங்க வேண்டும், வாங்கினாலும் இந்த அதிர்வெண்கள் அமெச்சூர்களுக்கு ஒதுக்கியவை அல்ல. ஜெர்மனி போன்ற நாடுகளில் சிலர் 9 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே அனுப்பிப் பார்க்கிறார்கள். ஆனால் சட்டம் விட்டாலும் இயற்கை சுலபமாக இடம் கொடுப்பதில்லை. 18.2-க்குக் கால் அலை ஆண்டெனா என்றால் நாலு கிலோமீட்டர் உயரத்துக்குக் கம்பம் நட வேண்டும்.

இன்னொன்று. அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை, பஞ்சப்பள்ளி பக்கம் காட்டோரம் அமைதியாக இருக்கிறதே என்று ராத்திரி ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்காராதீர்கள். யானை வருவது காதில் விழாது. வேலி போட்ட நிலத்துக்குள்ளேயே உட்காருங்கள்.

அந்த வேலிதான் தொல்லை என்று இப்போதுதானே சொன்னாய் என்பீர்கள். சித்தப்பாவுக்கும் எனக்கும் அது ஓர் ஒப்பந்தத்தில் ஓடுகிறது. சாயங்காலம் போன் பண்ணுவார்: "இன்னிக்கு மின்னல் கேக்க வர்றியா, இல்ல வேலியப் போட்டுறட்டுமா?" வருகிறேன் என்றால் பத்து மணி வரை வேலி அணைந்திருக்கும், டார்ச்சோடு அவரே காவல் இருப்பார். கடலை காய் பிடிக்கிற மாதத்தில் மட்டும் போன் வராது.